அன்ரிகோனிஷ் காட்டிய வழி
மக்களைத் தேடிச் சென்ற ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாறு

கனடாவின் கிழக்குக் கரையிலே, நோவாஸ்கோசியா மாகாணத்தில், அன்ரிகோனிஷ் என்றொரு சிறுநகர் உண்டு. ஐயாயிரம் பேரளவில் மட்டுமே வாழும் அந்நகரின் பெயரை ரொறொன்ரோவிலும் மொன்றியலிலும் வாழும் எம்மவரில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் கிராமங்கள் தோறும் பணியாற்றும் தொண்டர் பலருக்கு அது நன்கு அறிமுகமான பெயர். அங்குள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக இயங்கும் கோடி சர்வதேச நிறுவகமே அதற்குக் காரணம். மக்கள் பணிக்கும் சமூகத் தலைமைத்துவத்துக்கும் பயிற்சியளிப்பதையே தன் தொழிலாகக் கொண்ட இந்நிறுவகத்தில், 1959இல் அது தொடங்கப்பட்ட நாள் முதலாக 130க்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் பயின்று சென்றுள்ளனர்.

இந்நிறுவகத்தின் கதையை அகதிகளாக வந்து குடியேறிய நாம் ஏன் அறிந்துகொள்ள வேண்டும் என்ற வினா எழலாம். இதற்கு அடித்தளமிட்டவர்களும் எம்மைப் போன்றே நிலமிழந்து கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்பதே எமது விடை. அவர்கள் வென்றவையும் உண்டு, இழந்தவையும் உண்டு. இரண்டையும் ஒருங்கே நோக்குவது எமக்குப் பயன் தரும்.

நிலமிழந்து வந்தவர்கள்

ஸ்கொற்லாந்தின் வடபகுதி மலைநாட்டில் கேலிக் மொழி பேசிய மக்கள் தமது குலத் தலைவர்களின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வாழ்ந்து வந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்களுள் பெருந்தொகையானோர் அந்நிலங்களிலிருந்து அகற்றப்பட்டனர். மனிதர் செலுத்திய குத்தகையைக் காட்டிலும் செம்மறியாட்டுப் பண்ணைகள் கூடிய வருமானம் தந்தமையே அதன் காரணம். 1773ஆம் ஆண்டில் ஹெக்ரர் என்னும் பாய்க்கப்பல் ஏறத்தாழ 190 மலைநாட்டவரை ஏற்றிக்கொண்டு நோவாஸ்கோசியாவின் பிக்ரோ துறையை வந்தடைந்தது. அதன் பின்னர் பல்லாயிரம் பேர் அவ்வழியே வந்தனர். அன்ரிகோனிஷ் பிரதேசமும் கேப் பிரெற்றன் தீவும் அவர்களது புதிய தாயகமாயின.

அதே கரையில் அவர்களுக்கு முன்னரே வேறொரு சமூகம் வேரோடு பிடுங்கப்பட்டிருந்தது. பிரெஞ்சு மொழி பேசிய அக்கேடியர்களை 1755இல் பிரித்தானியப் படை கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி நாடு கடத்தியது. பின்னாளில் அவர்களுட் சிலர் திரும்பி வந்து கடற்கரையோரங்களில் மீனவராக வாழத் தலைப்பட்டனர். இவர்கள் அனைவருக்கும் முன்னர், எண்ணற்ற நூற்றாண்டுகளாக அம்மண்ணுக்குரியவராய் வாழ்ந்தவர்கள் மீக்மாக் மக்கள். வந்தோர் பெற்ற நிலம் அவர்கள் இழந்த நிலமே என்பதை வரலாறு எழுதுவோர் மறைத்தல் ஆகாது.

குடியேறிய மலைநாட்டவர் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று பாடசாலை அமைத்தது. கத்தோலிக்க ஆயரின் முயற்சியால் 1853இல் அரிஷாற் என்னுமிடத்தில் தோன்றிய சிறு கல்லூரி, 1855இல் அன்ரிகோனிஷுக்கு மாற்றப்பட்டு, 1866இல் பட்டமளிக்கும் உரிமை பெற்றது. அதுவே புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம். அது குருமாரையும் வைத்தியரையும் சட்டத்தரணிகளையும் ஆசிரியரையும் உருவாக்கியது. ஆனால் படித்தவர்கள் பட்டத்துடன் பொஸ்ரனுக்கும் மேற்கு மாகாணங்களுக்கும் சென்றுவிட்டனர். படியாதவர்களோ வள்ளத்திலும் வயலிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் கிடந்து உழன்றனர். பிள்ளையைப் படிப்பித்து விடுவதே ஊரை விட்டு அனுப்பி விடுவதாக முடிந்த கதையை யாழ்ப்பாணத்தார்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்ட குருவானவர்

இந்நிலையை முதலில் வினாவுக்குட்படுத்தியவர் அப்பல்கலைக்கழகத்தின் உபதலைவராக விளங்கிய ஜேம்ஸ் ரொம்ப்கின்ஸ் அடிகளார். 1870இல் கேப் பிரெற்றனின் மார்கரி பள்ளத்தாக்கில் பிறந்தவர். உருவத்தில் சிறியவர், பேச்சில் கூரியவர். கல்வி என்பது நால்வகை மதில்களுக்குள் நுழையத் தக்க வசதி படைத்தோருக்கு மட்டும் உரியதாக இருப்பது அநீதி என அவர் வாதிட்டார். மக்களுக்கான அறிவு என்னும் கருப்பொருளில் அவர் 1921இல் வெளியிட்ட சிறுநூல், பல்கலைக்கழகம் மக்களிடம் செல்ல வேண்டும் என்று வற்புறுத்தியது. அதே ஆண்டு தைமாதத்தில் அன்ரிகோனிஷில் மக்கள் பாடசாலை ஒன்று தொடங்கிற்று. ஐம்பது பேரளவில் உழவரும் தொழிலாளரும் குளிர்காலத்தின் சில வாரங்கள் பல்கலைக்கழக மண்டபத்தில் அமர்ந்து கற்றனர்.

எனினும் ரொம்ப்கின்ஸ் அடிகளார் அங்கு நீடிக்க முடியவில்லை. கீழ்க்கரை மாகாணங்களின் சிறு பல்கலைக்கழகங்கள் அனைத்தும் ஹலிபக்ஸ் நகரில் ஒன்றிணைய வேண்டுமென்ற திட்டத்தை அவர் தீவிரமாக ஆதரித்தார். கார்னகி நிதியம் அதற்குப் பெருந்தொகை வழங்க முன்வந்திருந்தது. ஆயர் மொறிசன் அதனை ஏற்கவில்லை. 1922இன் இறுதியில் உபதலைவர் பதவி பறிபோக, கன்சோ என்னும் வறிய மீன்பிடித் துறையின் பங்குத்தந்தையாக அடிகளார் அனுப்பப்பட்டார். அது ஒரு தண்டனை இடமாற்றம் என்றே பலரும் கொண்டனர். ஆனால் அந்தத் தண்டனையே இயக்கத்துக்கு வித்தாயிற்று.

கன்சோவில் அவர் கண்டது கடனில் மூழ்கிய கரை. மீனுக்கு விலை சொல்பவன் வியாபாரி. வலைக்கும் கயிற்றுக்கும் மாவுக்கும் சீனிக்கும் விலை சொல்பவனும் அவனே. மீனவனின் கையில் காசு புழங்குவது அரிது. கணக்குப் புத்தகத்தில் மட்டும் கடன் ஏறிக்கொண்டே செல்லும். எமது கரையோர ஊர்களில் சம்மாட்டியிடம் முற்பணம் பெற்ற தொழிலாளியின் நிலையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. அடிகளார் துறைமுகத்தில் உலாவி, வலை பொத்துவோர் அருகே நின்று, வினாக்களைத் தொடுத்தார். கையில் அகப்பட்ட சிறுநூல்களையும் பத்திரிகைத் துண்டுகளையும் அவர்களிடம் கொடுத்தார். விடை சொல்வதை விட, விடை தேட வைப்பதே அவரது முறையாக இருந்தது.

கடற்கரையில் எழுந்த குரல்

1927ஆம் ஆண்டு ஆடி முதலாம் நாள் கனடா தனது கூட்டாட்சியின் அறுபதாண்டு நிறைவைக் கொண்டாடியது. நாடெங்கும் கொடிகள் பறந்தன. கன்சோ மீனவர்களோ கூட்டம் கூடி, கொண்டாடுவதற்குத் தமக்கு எதுவுமில்லை என அறிவித்தனர். அச்செய்தி பத்திரிகைகளில் வெளியாயிற்று. மறைமாவட்டக் குருமாரும் மீனவர் பக்கம் நின்றனர். விளைவாக, மத்திய அரசு அதே ஆண்டில் நீதிபதி மக்லீன் தலைமையில் அரச விசாரணைக்குழு ஒன்றினை நியமித்தது. ஒரு சிறு துறையில் கூடிய ஏழைகளின் குரல் ஒட்டாவாவை எட்டியமைக்கு, அக்குரலைச் சொல்லில் வடிக்கவும் அச்சில் ஏற்றவும் அறிந்தவர்கள் அவர்களோடு நின்றமையே காரணம் எனலாம்.

அவ்விசாரணைக்குழுவின் முன் சாட்சியமளித்தவர்களுள் ஒருவர் மோசஸ் கோடி அடிகளார். 1882இல் மார்கரியிற் பிறந்த இவர் ரொம்ப்கின்ஸ் அடிகளாரின் உறவினர். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். உரோமையில் பயின்று திரும்பி, பல்கலைக்கழகத்தில் கல்வியியல் போதித்தவர். சிதறிக் கிடந்த மாகாண ஆசிரியர்களை ஒரு சங்கமாகத் திரட்டிய அனுபவமும் அவருக்கிருந்தது. உயர்ந்த உருவமும் கணீரென்ற குரலும் கொண்ட அவர் மேடையேறினால் கூட்டம் அசையாதிருக்குமாம்.

இனிக் கூறப்போவதை எமது பழைய மாணவர் சங்கங்கள் சற்றே கவனத்திற் கொள்வது நன்று. பல்கலைக்கழகம் தானாக மனமிரங்கி மக்களிடம் செல்லவில்லை. ஸ்கொற்லாந்துக் கத்தோலிக்கர் சங்கமும் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் சங்கமும் கொடுத்த நெருக்குதலே அதனை அசைத்தது. 1928ஆம் ஆண்டின் இறுதியில் விரிவாக்கத் துறை என்ற பெயரில் புதிய பிரிவொன்று தோற்றம் பெற்றது. அதன் பணிப்பாளராகக் கோடி அடிகளார் நியமனம் பெற்றார். மத்திய அரசின் வேண்டுகோளுக்கிணங்க அவர் கடுங்குளிர்காலத்தில் கரையோரமெங்கும் பயணித்து மீனவரைத் திரட்டினார். 1930இல் ஹலிபக்ஸில் இருநூறுக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் கூடி, ஐக்கிய கீழ்க்கரை மீனவர் சங்கத்தை நிறுவினர். பழைய மாணவர் சங்கம் என்பது இராப்போசன விருந்துக்கும் துடுப்பாட்டப் போட்டிக்கும் அப்பாலும் செல்லக்கூடிய ஒன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சமையலறையில் நடந்த வகுப்பு

விரிவாக்கத் துறையின் வேலைமுறை எளிமையானது. முதலில் ஊரில் ஒரு பொதுக்கூட்டம் நடக்கும். கோடி அடிகளாரோ அவரது உதவிப் பணிப்பாளரான ஏ. பி. மக்டொனால்டோ வந்து பேசுவர். உணர்ச்சி பொங்கப் பேசிவிட்டுப் புறப்பட்டுச் செல்வதோடு அவர்களது பணி முடிவதில்லை. கூட்டம் கலையுமுன் பத்துப் பேரளவில் கொண்ட படிப்பு வட்டங்கள் அமைக்கப்படும். வாரத்தில் ஒருநாள் இரவு, யாராவது ஒருவரது வீட்டுச் சமையலறையில், மண்ணெண்ணெய் விளக்கின் கீழ் அவ்வட்டம் கூடும். அன்ரிகோனிஷிலிருந்து வரும் சிறு பிரசுரத்தை எழுத வாசிக்கத் தெரிந்தவர் உரத்து வாசிப்பார், ஏனையோர் விவாதிப்பர். மீனின் விலை எங்கே தீர்மானிக்கப்படுகிறது? கடைக்காரனின் இலாபம் எவ்வளவு? கடன் சங்கம் என்பது என்ன? இத்தகைய வினாக்களே பாடம். மாதமொருமுறை அயலூர் வட்டங்கள் ஒன்றுகூடித் தாம் கற்றவற்றைப் பரிமாறிக்கொள்ளும்.

வட்டத்தின் தலைவர் வெளியிலிருந்து வருபவர் அல்லர், உள்ளிருந்து எழுபவர். அவ்வாறு எழுந்தவர்களைப் பல்கலைக்கழகம் சில வாரங்கள் வரவழைத்து, கூட்டம் நடத்துதல், கணக்கு எழுதுதல், பேசுதல், கூட்டுறவுச் சட்டம் ஆகியவற்றில் பயிற்சியளித்தது. 1930களின் நடுப்பகுதியில் இத்தகைய வட்டங்கள் 900க்கு மேற்பட்டனவாகவும் அவற்றின் அங்கத்தவர்கள் 10,000 பேரளவிலும் இருந்தனர். தலைமைத்துவம் என்ற சொல்லுக்கு அங்கு வழங்கிய பொருள் இதுவே: அயலவர் பத்துப்பேரை வாரந்தோறும் தவறாமற் கூட்டக்கூடிய ஒருவர்.

கற்றது செயலாக மாறவேண்டும் என்பது கோடி அடிகளாரின் உறுதியான கொள்கை. பொருளாதாரத்தில் தொடங்காத கல்வி ஏழைக்கு ஏறாது. ஆனால் பொருளாதாரத்தோடு நின்றுவிடும் கல்வி மனிதனை நிறைவுறச் செய்யாது என்பது அவரது போதனையின் சாரம். கன்சோவுக்கு அண்மையிலுள்ள லிற்றில் டோவர் என்னும் குக்கிராமத்து மீனவர் தாமே காட்டில் மரம் தறித்து, சிங்க இறாலைப் பதனிட்டுத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றை எழுப்பினர். வேறு ஊரவர் உயிருள்ள சிங்க இறாலைத் தாமே பொஸ்ரன் சந்தைக்கு அனுப்பினர். இடையில் நின்றவன் இவ்வளவு காலமும் எவ்வளவு எடுத்துக்கொண்டான் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரியவந்தது.

கடன் சங்கங்களின் கதையும் அவ்வாறே. 1900இல் கியூபெக் மாகாணத்தின் லெவி நகரில் அல்போன்ஸ் டெஜார்டின் தொடங்கிய மக்கள் வங்கி அவர்களுக்கு முன்னுதாரணமாயிற்று. அமெரிக்கக் கடன் சங்க இயக்கத்தைச் சேர்ந்த றோய் பெர்ஜென்கிரென் உதவியுடன் 1932இல் நோவாஸ்கோசியாவில் அதற்கான சட்டம் நிறைவேறியது. கேப் பிரெற்றனின் புறோட் கோவ் கிராமத்திலும் றிசேவ் மைன்ஸ் என்னும் சுரங்க ஊரிலும் முதற் சங்கங்கள் தோன்றின. வாரம் சில சதங்களாகச் சேர்ந்த பணமே மூலதனம். எமது ஊர்களில் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் என்று நாம் அழைத்தது இதனையே. 1911ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் இலங்கையில் இத்தகைய சங்கங்கள் எழுந்தன. 1930களில் மூளாயில் ஒரு வைத்தியசாலையையே கூட்டுறவு முறையில் நிறுவிய பெருமை யாழ்ப்பாணத்தவர்க்குண்டு. கூட்டுறவாளர் வீரசிங்கத்தின் பெயர் தாங்கி யாழ். நகரில் நிற்கும் மண்டபத்தை அறியாதார் எம்மில் யார்? ஆகவே அன்ரிகோனிஷ் எமக்கு அந்நியமான பாடத்தைச் சொல்லவில்லை. மறந்த பாடத்தையே நினைவூட்டுகிறது.

பத்திரிகையும் வானொலியும்

சிதறி வாழும் மக்களை ஒன்றிணைக்கச் செய்தித் தொடர்பு இன்றியமையாதது என்பதை விரிவாக்கத் துறையினர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். 1933இல் அவர்கள் ஒரு செய்தி ஏட்டைத் தொடங்கினர். 1939இல் அது கீழ்க்கரைக் கூட்டுறவாளன் என்னும் பொருள்படும் பெயருடன் தொடர்ந்தது. ஓர் ஊரார் செய்த முயற்சியை மற்றோர் ஊரார் அறிந்தது அதன் வழியாகவே. துறையின் அலுவலகத்திலிருந்து நூல்கள் பொதிகளாகக் கிராமங்களுக்குச் சென்று திரும்பின. இவ்வேலையில் மரி மைக்கல், ஐரீன் டோயில் முதலிய கன்னியாஸ்திரிகள் ஆற்றிய பங்கு பெரிது. மேடையில் ஒலித்த பெயர்கள் ஆண்களுடையவையாக இருந்தபோதும், நூலகத்தையும் பெண்களுக்கான வகுப்புகளையும் பிரசுரங்களையும் தாங்கிய கரங்கள் பெண்களுடையவை.

1943இல் அன்ரிகோனிஷில் சொந்த வானொலி நிலையமே எழுந்தது. உள்ளூர் மக்களுக்குக் கல்வி புகட்டுவதற்கெனத் தோன்றிய அந்நிலையம், மீனவரும் சுரங்கத் தொழிலாளரும் வீட்டிலிருந்தே கேட்டு விவாதிக்கத்தக்க நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. வானொலியைக் கேட்பதோடு நில்லாது, கேட்டதைப் பற்றி அயலவர் கூடிப் பேச வேண்டும் என்பதே நோக்கம். இன்று எமது சமூகத்திலும் வானொலிகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் குறைவில்லை. கேட்டபின் கூடிப் பேசுகின்றோமா என்பதே எம் மனதில் எழும் வினா.

பதினொரு வீடுகள்

கேப் பிரெற்றனின் நிலக்கரிச் சுரங்கங்களில் வறுமையோடு வன்முறையும் கலந்திருந்தது. கம்பனிக்குச் சொந்தமான வீட்டில் வாழ்ந்து, கம்பனியின் கடையில் கடனுக்கு வாங்கி, சம்பள நாளில் வெறுங்கையோடு திரும்புவதே தொழிலாளியின் வாழ்க்கை. 1925ஆம் ஆண்டு ஆனி 11ஆம் நாள், நியூ வோட்டர்ஃபோட்டில் வேலைநிறுத்தக்காரர் மீது கம்பனிப் பொலிசார் சுட்டதில் வில்லியம் டேவிஸ் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். ஆத்திரமுற்ற மக்கள் கம்பனிக் கடைகளைச் சூறையாடித் தீயிட்டனர். அந்நாள் இன்றும் அங்கு நினைவுகூரப்படுகிறது.

1935இல் ரொம்ப்கின்ஸ் அடிகளார் றிசேவ் மைன்ஸ் ஊருக்குப் பங்குத்தந்தையாக வந்தார். வந்ததும் தமது இல்லத்தின் முன்னறையை நூலகமாக்கினார். அங்கு கூடிய சுரங்கத் தொழிலாளருள் பதினொரு குடும்பத்தவர் வீடமைப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கினர். அமெரிக்காவிலிருந்து வந்த மேரி ஆர்னல்ட் என்ற பெண்மணி அவர்களுக்கு வழிகாட்டினார். காணி, அத்திவாரம், கூரை, வட்டிக்கணக்கு ஆகிய அனைத்தையும் அவர்கள் கற்றனர். கடதாசி மட்டையில் மாதிரி வீடுகளைச் செய்து பார்த்தனர். அதன் பின்னரே மண்வெட்டியைத் தூக்கினர். சுரங்கத்தில் வேலை முடிந்து வந்து, அயலவனின் வீட்டுக்கு அயலவன் ஆணி அறைந்தான். 1938இல் பதினொரு வீடுகளும் எழுந்தன. அவ்விடத்துக்கு ரொம்ப்கின்ஸ்வில் என்று பெயரிட்டனர். தண்டனையாகக் கரையோரத்துக்கு அனுப்பப்பட்ட குருவின் பெயர் ஒரு குடியிருப்பின் பெயராக நிலைத்தது.

உலகுக்குத் திறந்த கதவு

இச்செய்திகள் நாளடைவில் வெளிநாடுகளுக்கும் எட்டின. கோடி அடிகளார் 1939இல் வெளியிட்ட நூல், தம் விதிக்குத் தாமே எசமானராக மக்கள் ஆகவேண்டும் என்ற கருத்தைத் தலைப்பிலேயே தாங்கி வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விடுதலை பெற்ற நாடுகளிலிருந்து பலர் அன்ரிகோனிஷைத் தேடி வந்தனர். ரொம்ப்கின்ஸ் அடிகளார் 1953இலும் கோடி அடிகளார் 1959இலும் மறைந்தனர். கோடி அடிகளார் மறைந்த அதே ஆண்டில், அவர் பெயரால் சர்வதேச நிறுவகம் உருவாயிற்று. சமூகத் தலைமைத்துவத்தில் அங்கு வழங்கப்பட்ட டிப்ளோமாவைப் பெற்றுத் திரும்பியோர் தத்தம் நாடுகளில் கடன் சங்கங்களையும் உழவர் அமைப்புகளையும் மகளிர் குழுக்களையும் கட்டியெழுப்பினர். குஜராத்தின் சேவா என்னும் சுயதொழில் மகளிர் சங்கத்துடன் அந்நிறுவகம் நெடுங்காலத் தொடர்பு பேணி வருகிறது. 2011இல் பெண் தலைமைத்துவத்துக்கெனத் தனி மையமும், கனடாவின் பூர்வீகக் குடிப் பெண்களுக்கான பயிற்சித் திட்டமும் அங்கு ஆரம்பமாயின.

இறுதியிற் சொன்ன திட்டம் காலந்தாழ்ந்தே வந்தது என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். இயக்கம் உச்சம் பெற்ற 1930களில் மீக்மாக் மக்களுக்கு அதில் பெரிதாக இடமிருக்கவில்லை. அதே மாகாணத்தில் 1930 தொடக்கம் 1967 வரை சூபெனகாடி வதிவிடப் பாடசாலையில் மீக்மாக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தம் மொழி பேசத் தடுக்கப்பட்டனர். தமக்கு நேர்ந்த அநீதியை அறிந்தவர்கள் பிறருக்கு நேரும் அநீதியைத் தாமாகவே காண்பர் என்பதற்கு உத்தரவாதமில்லை. எமக்கும் இது பொருந்தும்.

மௌனமாகிய மொழி

வெற்றிகள் யாவும் நிலைக்கவில்லை. ஐக்கிய கீழ்க்கரை மீனவர் சங்கம் 1988இல் கடனில் வீழ்ந்தது. 1990களின் தொடக்கத்தில் கொட் மீன்வளம் அழிந்து, பிடிப்புக்கே தடை வந்தது. கேப் பிரெற்றனின் பெருஞ்சுரங்கங்களில் கடைசியாக எஞ்சியதும் 2001இல் மூடப்பட்டது. கடன் சங்கங்கள் மட்டும் பல ஊர்களில் இன்றும் நிற்கின்றன.

ஆயினும் எம்மை அதிகம் சிந்திக்க வைக்கும் இழப்பு வேறு. 1892இல் கேப் பிரெற்றனின் சிட்னி நகரில் ஜொனதன் மக்கினன் என்பவர் முழுவதும் கேலிக் மொழியிலேயே ஒரு வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். மக் தாலா என்பது அதன் பெயர். எதிரொலி என்பது பொருள். தாய்நாட்டுச் செய்தியும் ஊர்ச் செய்தியும் கதையும் பாட்டும் தாங்கி வந்த அப்பத்திரிகை, பன்னிரண்டு ஆண்டுகள் நடந்து 1904இல் நின்றது. சந்தா செலுத்தி அதனைத் தாங்குவோர் போதவில்லை. அக்காலத்தில் பல பத்தாயிரம் பேர் அங்கு கேலிக் பேசினர் என்பதை எண்ணும்போது வியப்பும் துயரும் ஒருங்கே எழுகின்றன. வாசிக்கத்தக்கவர் இருந்தனர், தம்முடையது என்று தாங்குவோரே குறைந்தனர்.

பெற்றோர் தமக்குள் கேலிக்கிலும் பிள்ளைகளோடு ஆங்கிலத்திலும் பேசலாயினர். பிள்ளை முன்னேற வேண்டும் என்ற நல்லெண்ணமே அதற்கும் காரணம். படிப்பு வட்டங்களின் பிரசுரங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. 1958இல் அதே பல்கலைக்கழகத்தில் கெல்ரியக் கற்கைகளுக்கெனத் துறை தோன்றியபோது, வீடுகளில் மொழி வற்றத் தொடங்கியிருந்தது. 2006இல் மாகாண அரசு கேலிக் அலுவல்களுக்கெனத் தனி அலுவலகமும் திறந்தது. இன்று அங்கு கேலிக் பேசுவோர் ஓரிரு ஆயிரம் பேருக்கு மேல் இல்லை. பொருளாதாரத்தைச் சமையலறை மேசையில் வைத்துக் காத்தவர்கள், மொழியை அதே மேசையிலிருந்து நழுவவிட்டனர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

எமக்குரிய பாடம்

1986 ஆவணி மாதத்தில், உயிர்காப்புப் படகுகளில் அத்திலாந்திக் கடலில் தத்தளித்த 155 தமிழரை நியூபவுண்ட்லாந்து மீனவர் மீட்டெடுத்ததை எம் சமூகம் மறந்திருக்காது. கீழ்க்கரை மக்களோடு எமக்கு ஏற்பட்ட முதல் உறவு அவ்வாறு அமைந்தது. அவர்களிடமிருந்து உயிர் பெற்ற நாம், அவர்களது அயலவரின் அனுபவத்திலிருந்து அறிவும் பெறலாம்.

எம்மிடையே சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோவில் நிர்வாக சபை எனத் தலைவர் பதவிகளும் ஏராளம். ஆனால் சீட்டுக் கட்டி ஏமாந்த கதை இல்லாத அடுக்குமாடிக் கட்டடம் ஸ்காபரோவில் உண்டோ? வீட்டுக்கடன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்து அறிந்தபின் கையெழுத்திட்டோர் எத்தனை பேர்? முதுமையில் தனித்திருக்கும் தாய் தந்தையருக்கு எந்தெந்த உதவிகள் உரியவை என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? இவற்றை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே பட்டுத் தெளிகின்றது; பட்டறிந்ததை மற்றவர்க்குச் சொல்லவும் கூச்சப்படுகின்றது.

ஊரிலே வாசிகசாலையும் சனசமூக நிலையமும் சங்கக்கடையும் நடத்தியவர்கள் நாம். அங்கே பத்திரிகையை ஒருவர் உரத்து வாசிக்க, சுற்றியிருந்தோர் விவாதித்ததை எம்மில் மூத்தோர் கண்ணாற் கண்டிருக்கின்றனர். அதனை இங்கு மீளத் தொடங்குவதற்குப் பெருமண்டபம் தேவையில்லை, பொன்னாடையும் தேவையில்லை. அயலில் உள்ள பத்துக் குடும்பங்கள், கிழமைக்கு ஒரு மாலை, ஒரு மேசை, ஒரு கேள்வி போதும். அந்த மேசையில் பிள்ளைகளையும் அமர்த்தித் தமிழிலேயே பேசுவோமாயின், அன்ரிகோனிஷ் மக்கள் காத்ததையும் அவர்கள் காக்கத் தவறியதையும் ஒருங்கே காத்தவர்களாவோம்.

மக் தாலா நின்றபின் அவ்வெதிரொலி மீண்டும் முன்போல் எழவேயில்லை. எமது குரல் அவ்வாறு ஓயுமா, ஓயாதா என்பதைப் பல்கலைக்கழகங்களோ அரசாங்கங்களோ தீர்மானிக்கப் போவதில்லை. எம் வீட்டுச் சமையலறைகளே தீர்மானிக்கும்.